போணிக்கு ஒரு கரண்டி

பழனியப்பன் அண்ணனின் நல்ல பெயர் இருநூற்று அறுபத்தாறு வெள்ளிக்குக் கிடைத்தது. அதுவும் இரண்டு வருஷத்துக்கு. அவருடைய அப்பா கிள்ளானில் தெருத்தெருவாக அலுமினியப் பாத்திரம் சுமந்து விற்றுச் சம்பாதித்த பெயர். மகன் நாற்பது வருஷம் ஓட்டைப் பாத்திரம் ஒன்றைக்கூட யார் தலையிலும் கட்டாமல் காப்பாற்றிய பெயர். அதற்கு அமெரிக்காவில் எவனோ எழுபது டாலர் என்று விலை போட்டு வைத்திருந்தான். டாலருக்கு மூன்று மலேசிய வெள்ளி எண்பது காசு வீதம் பெருக்கினால் இருநூற்று அறுபத்தாறு. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் 'காம்' என்ற வாலும் இலவசம். எங்கள் முதலாளி சிவசம்பு அதைப் பில்லில் ஐந்நூறு என்று எழுதினார்.

சிவசம்பு ஏதோ ஓர் அரசாங்க இலாகாவில் முப்பத்தொரு வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பேரம் பேசியதில்லை. கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்து, ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்து, நன்றியும் சொல்லிவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் 1999-ல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடியில் 'அகிலச் சந்தை' என்று பலகை மாட்டி, வியாபாரிகளுக்கு வியாபாரம் சொல்லித்தரக் கிளம்பினார். ஆண்டு இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் செத்து விழும் என்று காலையில் பயமுறுத்துவார். அதே கம்ப்யூட்டரில் கடை போடுங்கள் என்று மாலையில் பணம் கேட்பார். வாங்கியவர்களும் இருந்தார்கள்.

அவருக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கு வியாபாரிகளைத் தெரியும். என் அப்பா கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருந்தவர். நான் பிறந்த அன்று மருத்துவச்சியிடம் "பொட்டப்புள்ளதானே" என்று கூலியில் ஐந்து வெள்ளி குறைத்தார் என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. ஆகவே சிவசம்பு என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். வசூலாகும் பில்லில் பத்து விழுக்காடும் உண்டு.

"சந்திரகலா, நீர் கதைச்சாச் சனம் கேக்குது," என்பார். "ஆனா கனக்கக் கதைக்காதையும்."

அவர் சொன்னதில் உருப்படியான வாக்கியம் அந்த இரண்டாவது ஒன்றுதான். அதை நான் கேட்கவில்லை.

பழனியப்பன் பாத்திர மாளிகை இருபதடி அகலம். மாளிகை என்று எழுதிய பலகை மட்டும் இருபத்திரண்டடி. இரண்டு பக்கமும் அடுத்த கடைக்குள் ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே குண்டாவும் குடமும் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். பெருத்த கிராக்கிகள் வாசலிலேயே நின்று கைகாட்டி வாங்குவார்கள்.

"எல்லாம் போடும்மா," என்றார் அண்ணன், நான் முதல் தடவை போனபோது. "படம் போடு, பேரு போடு, புள்ளையார் போடு. விலை மட்டும் போடாத."

"விலை இல்லாம கடை எப்படிண்ணே?"

"இந்தக் கடையில எங்கயாச்சும் விலை எழுதியிருக்கா? தேடிப் பாரு."

தேட வேண்டியதில்லை. அந்தத் தெருவில் விலை எழுதுவது துணியில்லாமல் நிற்பதற்குச் சமம்.

"எழுதி வச்சா எதிர்க்கடைக்காரன் பத்து வெள்ளி கொறச்சு எழுதுவான். கிராக்கி மூஞ்சியப் பாக்காம விலை சொல்றவன் யாரு? போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்பு விக்கிறவன்லா."

எதிர்க்கடைக்காரன் என்றால் கன்னையா. குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, பொன்னெழுத்துப் பலகை. இருவரும் பதினொரு வருஷமாகப் பேசுவதில்லை. காரணம் ஒரு தோசைக்கல். விவரம் இருவருக்கும் மறந்துவிட்டது. கோபம் மட்டும் வட்டி போட்டு வளர்ந்திருந்தது.

கடைசியில் இணையக் கடையில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு கட்டம் வைத்தேன்: 'நீங்கள் தரும் விலை.' கிராக்கி தன் விலையை எழுதி அனுப்பலாம். அது இமெயிலாகக் கடைக்கு வரும். அண்ணன் 'கட்டுபடியாகாது' என்று பதில் போடலாம். உலகத்தையே ஒரு கிராமமாக்கும் என்று சிவசம்பு சொல்லிக்கொண்டிருந்த அந்த மாபெரும் கருவியை, நாங்கள் கிள்ளானில் இப்படித்தான் பேரம் பேசும் ஒரு பாசார் கடையாக்கினோம். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு சிவசம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உலகத்தில எங்கையும் இல்லாத முறை," என்றார். பாராட்டு அல்ல.

மொத்தப் பில் ஆயிரத்து எண்ணூறு. பாதி முன்னால், பாதி தீபாவளிக்குள்.

முன்பாதியை எண்ணிக் கொடுத்தது வள்ளியம்மா அக்கா. அண்ணனின் மனைவி, கல்லாவில் உட்கார்பவர். நோட்டை என் கையில் வைத்துவிட்டு, அதன் இன்னொரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"இங்க பாரும்மா. இவருக்கு இது விளையாட்டு. எனக்கு இல்ல. தீபாவளியோட கடை லீஸ் முடியுது. கட்டடத்துக்காரன் தவுக்கே புதுசா ஏழாயிரம் டெப்பாசிட் கேக்குறான். தீபாவளிக்கு மொத நாளு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள குடுக்கலன்னா, கடை எதிர்த்தாப்புலக்காரனுக்கு. அவன் இப்பவே தவுக்கேகிட்ட சொல்லி வச்சிட்டான், எங்க எடத்தக் குடோனாக்கப் போறானாம்."

"ஏழாயிரத்துக்கு என்ன வழிக்கா?"

அவர் மேலே கைகாட்டினார். கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்த கிரைண்டர், மேசைமேல் வைத்து மாவாட்டுவது. அறுபது பெட்டி. அடக்கம் இருநூற்று முப்பது. சராசரியாக முன்னூற்றைம்பதுக்குப் போனால் கோயம்புத்தூர்க்காரருக்குக் கட்டியது போக ஏழாயிரத்து இருநூறு மிஞ்சும். அந்த வருஷம் கிள்ளானில் வேறு யாரிடமும் அந்தச் சரக்கு இல்லை. அடுத்த கப்பல் தீபாவளிக்குப் பிறகுதான். கணக்கு சரியாக இருந்தது. கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும், ஆட்கள்தான் கோணல்.

செப்டம்பர் நடுவில் இணையக் கடை திறந்தது. திறந்தது என்றால், அண்ணன் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டினார். சூட்டில் திரையின் ஓரம் லேசாக இளகியது. மோடம் கத்தியபோது "என்னா இது, பூனைய மிதிச்ச மாரி" என்று பின்வாங்கினார். பிறகு இரண்டு வாரம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் தினமும் கடை திறந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து, சூடம் காட்டி மூடினார்.

இருபத்தேழாம் தேதி காலையில் முதல் இமெயில் வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பூமணி என்று ஓர் ஆசிரியை. அறுபத்தைந்து வெள்ளி இட்லிச் சட்டிக்கு இருபது வெள்ளி தருவதாக எழுதியிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தம்மா விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் அதை அச்செடுத்துக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"குடுத்துரு," என்றார்.

"அண்ணே, அடக்கமே நாப்பது."

"போணிலா இது. இன்னும் ஒரு ஈ காக்கா வரல. மொதக் கிராக்கி. மொதக் கிராக்கியத் திருப்பி அனுப்புனா அன்னிக்குப் பூரா கடை படுத்துரும்."

போணி எனக்குத் தெரியாததல்ல. என் அப்பாவும் காலையில் முதலில் வந்தவரை வெறுங்கையோடு விட்டதில்லை. ஆனால் முதல் கிராக்கி உள்ளே வரும்போது அவர் நல்ல புடவைகளைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, ரவிக்கைத் துண்டுகளை முன்னால் பரப்புவார். லட்சுமி வரட்டும், ரவிக்கைத் துண்டோடு போகட்டும். பழனியப்பன் அண்ணனுக்கு நேர்மை அதிகம், காலால் தள்ளத் தெரியாது. தவிர, இணையத்தில் எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் மேசைமேல் கிடக்கிறது. தள்ளுவதற்கு அடியில் இடமில்லை. இட்லிச் சட்டியின் பெட்டியில், போணிச் சரக்குக்கு அவர் வழக்கமாக வைக்கும் மஞ்சள் பொட்டை வைத்து அனுப்பினார்.

அன்று மாலை நான் சாலையைத் தாண்டிக் கன்னையாவிடம் போனேன். அவருக்கும் ஓர் இணையக் கடை விற்க வேண்டியிருந்தது. கன்னையா சிரிக்கவைத்தால் வாங்குவார். எனக்கு அது தெரியும். என்னிடம் புத்தம்புதிய கதையும் இருந்தது. கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டியது, திரை இளகியது, முதல் இமெயில்தான் போணி என்று இருபது வெள்ளிக்கு இட்லிச் சட்டி போனது, எல்லாவற்றையும் அண்ணனின் குரலிலேயே நடித்துக் காட்டினேன். கன்னையா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மொதல்ல எந்த மெயில் வந்தாலுமா?"

"எதுன்னாலும், பாஸ்."

"நீ பொல்லாதவம்மா," என்று சொல்லி இரண்டாயிரத்து நானூறு வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரு கம்ப்யூட்டரும் நான்தான் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தேன். இமெயில் அனுப்பச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டார். கெட்டிக்காரர் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அக்டோபர் முதல் தேதி காலையில் அண்ணனுக்கு இமெயில் வந்தது. விஜயன், காப்பார். இரண்டு கிரைண்டர். தரும் விலை தலா நூற்று அறுபது. பத்து மணிக்கு லோரி வரும், ரொக்கம்.

அடக்கத்தில் எழுபது வெள்ளி நட்டம், தலா. அண்ணன் இரண்டு நிமிஷம் பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு பெட்டியில் மஞ்சள் பொட்டு வைத்தார். மறுநாள் ரமணி, பந்திங், இரண்டு, நூற்று அறுபது. அதற்கு மறுநாள் வேறொரு பெயர், மறுபடி காப்பார். தினமும் காலை ஆறு மணிக்கு, கடிகாரம் வைத்த மாதிரி.

"காப்பாருக்கும் அதே லோரி, பந்திங்குக்கும் அதே லோரி," என்றார் வள்ளியம்மா அக்கா.

"நெட்டுல வாங்குறவங்க எல்லாம் சேந்து ஒரு லோரி புடிச்சிருப்பாங்க," என்றார் அண்ணன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே பெட்டிகள் குறைந்துகொண்டிருந்தன. நியாயமாக எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பில்லில் பத்து விழுக்காடு வாங்குகிறவளுக்குச் சந்தேகம் மெதுவாகத்தான் வரும். பிரிக்பீல்ட்ஸில் சிவசம்பு சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, 'பழனியப்பன்: தொடர்ந்து பத்து நாள் விற்பனை' என்று எழுதி, வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் குச்சியால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை. காசோலை வாங்கக் கன்னையா கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் பின்னறையில் இருந்தது. அவர் அங்கே கூப்பிட்டார். சுவரோரம் கிரைண்டர் பெட்டிகள். மார்பளவு உயரம், வரிசையாக. ஒவ்வொன்றின் மூலையிலும் கட்டை விரல் அளவு மஞ்சள் பொட்டு.

நான் எண்ணினேன். இருபத்திரண்டு. அவரும் நான் எண்ணுவதைத் தடுக்கவில்லை.

"காப்பார்ல சீட்டுக் கட்டுற பொம்பளைங்க நாப்பது பேரு," என்றார் கன்னையா, சந்தோஷமாக. "எல்லாருக்கும் தீபாவளிக்கு ஆளுக்கொரு கிரைண்டர், எரநூத்தித் தொண்ணூத்தொம்பது வெள்ளி. பணம் மொத்தமா வாங்கிட்டேன். சனிக்கெழமை தீபாவளிக்கு மொத நாளு வேன் புடிச்சு வராளுங்க. கிள்ளான்ல இந்த விலைக்கு எவன் குடுப்பான் சொல்லு?"

"நீங்க எங்க குடுக்குறீங்க பாஸ்? அவருல்ல குடுக்குறாரு."

"எனக்கு என்னம்மா தெரியும் அவன் இமெயிலுக்குச் சாமி கும்புடுறான்னு? நீதானே வந்து ஆடிக் காமிச்ச." காசோலையில் கையெழுத்திட்டு, ஊதி, கொடுத்தார். "இந்தா. வாய்க்குக் கூலி குடுக்கணும்னா ஒனக்குத்தான் குடுக்கணும். இனிமே அதக் கொஞ்சம் மூடி வையி."

நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். நேரே வங்கிக்குப் போய்க் காசோலையைப் போட்டேன். கோபத்தில் காசோலையைக் கிழிப்பதெல்லாம் சம்பளக்காரர்கள் செய்கிற காரியம். வங்கி வாசலில் பொதுத் தொலைபேசியில் சிவசம்புவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் எங்கட வாடிக்கையாளர்," என்றார். "ஒருத்தர் விக்கிறார், மற்றவர் வாங்கிறார். இதைத்தானே பிள்ளை மின் வணிகம் எண்டு சொல்லுறது. நீர் நடுவில போய் நிக்காதையும்."

தொலைபேசியில் இன்னும் நாற்பது காசு மிச்சமிருந்தது. அவருக்காக அதைச் செலவழிக்கவில்லை.

பழனியப்பன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் நடித்துக் காட்டியது உட்பட. வள்ளியம்மா அக்கா கல்லாவை மூடினார். அந்தச் சத்தம் அறைந்த மாதிரி இருந்தது.

"எங்க கதைய வித்துத் தின்னியா," என்றார். "சரி. எவ்வளவுக்கு வித்த?"

"ரெண்டாயிரத்து நானூறு. எனக்கு அதுல எரநூத்து நாப்பது."

"மலிவாக் குடுத்திருக்க." அவர் அண்ணனிடம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்கல்ல? நாளைலேருந்து அந்த மெயிலத் தூக்கிக் குப்பையில போடுங்க."

அண்ணன் வெகுநேரம் ஒரு சொம்பைத் துடைத்தார். பிறகு, "அது முடியாது," என்றார்.

"என்னா முடியாது?"

"போணின்னா போணி. எதிரி கையால வந்தாலும் மொதக் கிராக்கி மொதக் கிராக்கிதான். எங்கப்பா நாப்பது வருஷம்..."

"ஒங்கப்பா தலையில சொமந்து வித்தாரு. ஒங்க தலையில அவன் ஏறி ஒக்காந்து வாங்குறான்."

"அதுக்காக லட்சுமிய வெளிய தள்ளச் சொல்றியா? கடை படுத்துரும் வள்ளி."

"இப்ப மட்டும் என்ன, எந்திரிச்சு ஆடுதா?"

அந்த நிமிஷத்தில் அந்த மனிதர்மேல் எனக்கிருந்த இளக்காரத்துக்கு அளவில்லை. கண்ணெதிரே களவு போகிறது. களவாணிக்குப் பெட்டியில் பொட்டு வைத்துக் கொடுக்கிறார். கேட்டால் அப்பா. ஆனால் எனக்கு என் அப்பாவும் நினைவுக்கு வந்தார். அவர் காலும், மேசைக்கு அடியில் போன புடவைகளும்.

"அண்ணே, போணிக் கிராக்கி கரண்டி கேட்டா என்ன செய்வீங்க?"

"கரண்டி குடுப்பேன்."

"அதுக்கப்புறம் ஒருத்தன் நூத்தியறுபதுக்குக் கிரைண்டர் கேட்டா?"

"செருப்பாலடிப்பேன்."

"அப்ப நாளையிலேருந்து நான்தான் ஒங்க மொதக் கிராக்கி."

இணையக் கடைக்குக் கதவு கிடையாது, எந்நேரமும் திறந்தே இருக்கும் என்று சிவசம்பு பெருமையாகச் சொல்லி விற்ற சரக்கு அது. கதவு உண்டு, அதன் சாவி என்னிடம் இருந்தது. அன்று இரவிலிருந்து ஆர்டர் கட்டத்தைப் பூட்டினேன். 'கடை காலை ஐந்தரைக்குத் திறக்கும்' என்று ஓர் அறிவிப்பு வைத்தேன். ஐந்தரைக்கு, வேலைக்கு ரயிலேறுமுன், வீட்டிலிருந்தே பூட்டைத் திறந்து, முதல் ஆர்டரை நானே போட்டேன்: ஒரு கரண்டி. தரும் விலை பத்து காசு.

பன்னிரண்டாம் தேதி மாலை போனபோது அண்ணன் முகம் சுண்டியிருந்தது.

"பத்து காசாம்மா? எம்பது காசு அடக்கம் அதுக்கு."

"போணிண்ணே. திருப்பி அனுப்புவீங்களா?"

அவர் கரண்டியில் மஞ்சள் பொட்டு வைத்து, செய்தித்தாளில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். எந்த வீட்டிலும் எனக்கு அப்படி ஒரு மரியாதையோடு கரண்டி கொடுத்ததில்லை.

காலை ஆறு மணிக்கு வந்திருந்த காப்பார் விஜயன் மெயிலுக்கு அக்கா சொல்லச் சொல்ல நான் பதில் தட்டினேன்: 'போணி ஆகிவிட்டது. கிரைண்டர் வேண்டுமென்றால் நேரில் வந்து பேசிக்கொள்ளலாம்.' அடுத்த நாள் பந்திங் ரமணிக்கும் அதே பதில். பத்து நாளில் ஊர் ஊராகப் பெயர் மாறியது, பதில் மாறவில்லை. பிறகு கன்னையா ஆள்விட்டுக் கடையிலேயே வாங்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. வீட்டுக்கு ஒன்றுதான், அதுவும் கடை வேன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கும், அடுப்படியைப் பார்த்துவிட்டுத்தான் போகும் என்று சட்டம் போட்டார். மிச்சமிருந்த முப்பத்தெட்டுப் பெட்டியில் பதினெட்டைப் பரண்மேல் ஏற்றிப் பழைய சேலையால் மூடினார்.

"நாப்பதுல இருபத்திரண்டு போனா பதினெட்டு," என்றார். "அது அவன் பங்கு. அவனே வருவான்."

நவம்பர் நான்காம் தேதி வியாழன் மாலை, பதினொரு வருஷத்துக்குப் பிறகு, கன்னையா சாலையைக் கடந்தார். நான் அன்றைய கரண்டியை வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் என்மேல் ஒரு நிமிஷம் நின்றது.

"நீயாம்மா?"

"நான் வெறும் கரண்டிக் கிராக்கி, பாஸ்."

அவர் அண்ணனைப் பார்க்காமல் குடங்களைப் பார்த்துப் பேசினார். "கிரைண்டர் இருக்கா?"

அண்ணனும் ஒரு குண்டாவிடம் பதில் சொன்னார். "யாருக்கு? காப்பாருக்கா, பந்திங்குக்கா?"

"பதினெட்டு வேணும்."

"வீட்டுக்கு ஒண்ணுதான்," என்றார் அக்கா.

"வெளையாடாதீங்க அக்கா. சனிக்கெழம பொம்பளைங்க வராளுங்க. நாப்பது பேரு. சரக்கு இல்லன்னு சொன்னா என்னைய ஒரலு இல்லாமயே ஆட்டிருவாளுங்க. விலையச் சொல்லுங்க."

"அறுநூறு," என்றார் அண்ணன் குண்டாவிடம்.

"என்னா அண்ணே, அறுநூறா? நூத்தியெம்பது குடுக்குறேன்."

அண்ணே என்ற சொல் பதினொரு வருஷம் கழித்து அந்தக் கடைக்குள் விழுந்தது. அண்ணன் சற்று இளகினார், எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் அக்கா எழுந்து நின்றார்.

"அவரு அறுநூறுன்னாரு. நான் ஒரு பொம்பள, எரக்கப்பட்டுச் சொல்றேன். ஐநூத்தியிருவது. கொறச்சுப் பேசுனா பரண்லேருந்து எறங்காது. அடுத்த கப்பலு எப்பன்னு ஒங்களுக்கே தெரியும்."

"எரநூத்தித் தொண்ணூத்தொம்பதுக்கு வித்துட்டேன்க்கா."

"நாங்க நூத்தியறுபதுக்கு வித்தோம். ஒருத்தரும் வந்து அழலையே."

கன்னையா அரை மணி நேரம் பேசினார். வெயில், கப்பல், தன் ரத்த அழுத்தம், ஒரே சாமியைக் கும்பிடுகிற கதை, எல்லாம் வந்தது. அக்கா ஐந்நூற்று இருபதிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு என் அப்பா கடை நினைவு வந்து கண்கூடக் கலங்கியிருக்கும். ஆனால் அங்கே நடந்தது இரண்டு வழிப்பறி, ஒன்றுக்கு எதிராக ஒன்று. கலங்க ஒன்றுமில்லை. கடைசியில் அவர் ஒன்பதாயிரத்து முன்னூற்று அறுபதை ரொக்கமாக எண்ணினார். எண்ணி முடித்ததும் அண்ணன் வழக்கப்படி டீ சொன்னார். அவர் வழக்கப்படி குடித்தார். தோசைக்கல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆறாம் தேதி சனிக்கிழமை மதியம் கணக்கு முடிக்க அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஆறு மணிக்குத் தவுக்கே வருவான். எதிரே காப்பார் பெண்கள் வேனில் கிரைண்டர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கன்னையா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்; பல் மட்டும்தான் தெரிந்தது.

போணியில் போன இருபத்திரண்டு, மூவாயிரத்து ஐந்நூற்று இருபது. கன்னையா பதினெட்டு, ஒன்பதாயிரத்து முன்னூற்று அறுபது. ஊரார் வாங்கிய இருபது, ஏழாயிரம். மொத்தம் பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எண்பது. கோயம்புத்தூர்க்காரருக்குப் பதின்மூவாயிரத்து எண்ணூறு போக ஆறாயிரத்து எண்பது. ஏழாயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபது குறைந்தது. கன்னையாவின் லாபநட்டத்தையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்: அவருக்கும் நட்டம் சரியாகத் தொள்ளாயிரத்து இருபது. இணையத்தால் அந்த வருஷம் கிள்ளானில் லாபம் பார்த்தது காப்பார் பெண்கள் மட்டும். அவர்களில் ஒருத்திக்கும் கம்ப்யூட்டர் கிடையாது.

"ஒங்க கம்பெனிக்குக் குடுக்க வேண்டிய பின்பாதி தொள்ளாயிரம் இருக்கு," என்றார் அக்கா. "அத இதுல சேத்துக்குறோம். ஒங்களுக்குப் பொங்கலுக்கு."

"எந்தப் பொங்கலுக்குக்கா?"

"வர்ற பொங்கலு ஏதாச்சும் ஒண்ணுக்கு."

என் தொண்ணூறு வெள்ளி கமிஷனும் அதோடு போனது. இன்னும் குறைவது இருபது. கரண்டிக் காசு இருபத்தாறு நாளைக்கு இரண்டு வெள்ளி அறுபது. அதை ஒரு சொம்பிலிருந்து கொட்டினார் அண்ணன். இன்னும் பதினேழு வெள்ளி நாற்பது காசு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பையைத் திறந்து எண்ணி வைத்தேன். அக்கா அதையும் இரண்டு தடவை எண்ணினார்.

தவுக்கே வந்தான், ஏழாயிரம் வாங்கினான், பத்திரத்தில் கையெழுத்திட்டான், போனான்.

பொங்கல் கழித்துப் போய் என் பதினேழு நாற்பதைக் கேட்டேன். அண்ணன் பேரேட்டைப் பிரித்து, என் பெயர் எழுதிய பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் இப்படி இருந்தது:

கரண்டி இருபத்தாறு, அடக்கம் எண்பது காசு வீதம், இருபது வெள்ளி எண்பது.
சந்திரகலா கொடுத்தது பத்து காசு வீதம், இரண்டு வெள்ளி அறுபது.
வித்தியாசம் பதினெட்டு வெள்ளி இருபது.
கைமாற்று வரவு பதினேழு வெள்ளி நாற்பது.
சந்திரகலா தர வேண்டிய பாக்கி: எண்பது காசு.